அக்கா வேண்டிக்கொண்ட பெயர்கள்

நடந்தவை, நடந்த வரிசையில்:

1. அக்கா தம்மோடு வேலை செய்த தோழியின் தேவாலயக் குழுவுடன், சரவாக்கின் உட்பகுதியில் உள்ள ஒரு பிள்ளைகள் விடுதிக்குப் பல் பார்க்கப் போனார்.

2. அங்கே ஒரு சிறுமி அக்காவின் விரலைக் கடித்தாள். அன்று மாலையே அக்காவுக்காகக் கடவுளிடம் வேண்டிக்கொண்டாள்.

3. திரும்பி வந்த அக்கா, தைப்பூசத் தண்ணீர்ப் பந்தலில் பெரியப்பாவுக்காக வேண்டிக்கொண்டார். பெரியப்பா ஓர் அண்டா மோரைச் சாக்கடையில் கொட்டச் சொன்னார்.

4. அக்கா இருக்கும் வீட்டு வாசலை இனி மிதிப்பதில்லை என்று பெரியப்பா சொன்னார்.

5. அக்காவின் நாக்கில் புற்றுநோய் கண்டது.

6. பெரியப்பா தம் சொல்லைக் காப்பாற்றினார்.

7. அக்கா காலமானார். அன்று காலையே பெரியப்பா வந்தார்.

நான் பிறை என்னும் ஊரில் ஒரு தொழிற்சாலையில் சோதனைப் பொறியாளராக இருக்கிறேன். பழுதான ஒன்றைப் பற்றி எழுதும்போது முதலில் வரிசையை எழுதுவோம், காரணத்தைப் பிறகு எழுதுவோம். அக்காவின் முதலாம் ஆண்டு நினைவு நாளுக்கு ஒரு நினைவு மலர் அச்சிட வேண்டும் என்று அம்மா கேட்டபோது எனக்குத் தெரிந்த முறையில்தான் எழுத முடியும் என்று சொன்னேன். எழுதியதை அம்மா படித்தார். தம்மைப் பற்றிய ஒரு வரியை மட்டும் நீக்கச் சொன்னார். நீக்கிவிட்டேன். மற்றவை அப்படியே இருக்கின்றன.

அக்கா சுங்கை பாக்காப் அருகில் ஒரு தோட்டத்தில் பிறந்தார். அப்பா அங்கே லோரி ஓட்டினார். தோட்டம் கைமாறி வேலை போனபோது, எங்களை ஜார்ஜ்டவுனுக்கு அழைத்து வந்தவர் அப்பாவின் அண்ணன், எங்கள் பெரியப்பா. ஜெலுத்தோங்கில் தம் வீட்டின் பின்னறையை எங்களுக்கு ஒதுக்கினார். தம் லோரியை அப்பாவிடம் கொடுத்தார். நாங்கள் அடுக்குமாடி வீட்டுக்கு மாறிப் போகும்வரை, அக்காவைத் தம் மோட்டார்சைக்கிளின் முன்னால் உட்காரவைத்துப் பள்ளிக்குக் கொண்டுபோய் விட்டவரும் அவர்தான். பெரியப்பாவுக்குப் பெண் பிள்ளை இல்லை. "இது எம் புள்ள, சும்மா ஒங்கிட்ட வளர வுட்டிருக்கேன்" என்று அப்பாவிடம் சொல்வார். அப்பா சிரிப்பார். அது வேடிக்கைக்குச் சொன்னதல்ல என்பது எங்கள் எல்லாருக்கும் தெரியும்.

ஒவ்வொரு தைப்பூசத்துக்கும் முருகன் கோவிலுள்ள தண்ணீர்மலைக்குப் போகும் சாலையில் பெரியப்பா ஒரு தண்ணீர்ப் பந்தல் போடுவார். காவடி எடுப்பவர்களுக்கும் உடன் வருபவர்களுக்கும் மோர், பானகம், சோறு. எட்டாத உயரத்தில் இருந்த அண்டாவின் முன், பால் டின்கள் அடுக்கி வரும் ஒரு பால்டின் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு, அதன்மேல் அக்காவை ஏற்றி, மோர்க் கரண்டியை முதன்முதலில் கையில் கொடுத்தவர் பெரியப்பா. அதற்குப் பிறகு அந்தக் கரண்டி வேறு யார் கைக்கும் போகவில்லை. அக்கா பல் மருத்துவத் தாதியாகப் படித்து முடித்து அரசு வேலைக்குப் போன பிறகும், தைப்பூசத்தன்று விடுப்பு எடுத்துக்கொண்டு மோர் ஊற்றினார்.

பள்ளிகளுக்குப் போய்ப் பிள்ளைகளின் பல்லைப் பார்ப்பதுதான் அக்காவின் வேலை. தாதியைப் பிள்ளைகள் மிஸ்ஸி என்பார்கள். பல் மிஸ்ஸி வண்டி பள்ளிக்குள் நுழைந்தால் பையன்கள் கழிவறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொள்வார்கள். அக்கா கதவுக்கு வெளியே நின்று, "வெளிய வர்றவன் பல்லு நல்ல பல்லு. அவன வுட்டுடுவோம். உள்ள இருக்குறவன் பல்லத்தான் புடுங்கப் போறேன்" என்பார். உடனே கதவு திறந்துவிடும். வீட்டிலும் அப்படித்தான். யாரையும் அதட்டி அக்கா ஒரு வேலையும் வாங்கியதில்லை.

அக்காவோடு அரசு பல் கிளினிக்கில் வேலை செய்தவர் ஸ்டெல்லா. அவருடைய தேவாலயம் ஆண்டு இறுதிப் பள்ளி விடுமுறையில் சரவாக்கில் உள்ள அந்த விடுதிக்கு ஊழியப் பயணம் போகும். பல குடும்பங்கள் ஒரே கூரையின் கீழ் வாழும் ஆற்றோர நீள்வீடுகளிலிருந்து வந்து படிக்கும் பிள்ளைகள் அங்கே தங்கியிருக்கிறார்கள். விடுமுறைக்கு ஊர் திரும்ப முடியாத சின்னப் பிள்ளைகளும் உண்டு. "நீ ஜெபம் பண்ண வேணாம், பல்ல மட்டும் பாரு, போதும்லா" என்று ஸ்டெல்லா கூப்பிட்டார். அக்கா திருநீறு இட்டுக்கொண்டு விமானம் ஏறினார். அப்பா தடுக்கவில்லை. பெரியப்பாவே விமான நிலையத்துக்குக் கொண்டுபோய் விட்டு, "ஆத்துல முதல இருக்கும், காலத் தொங்கப் போடாத" என்று சொல்லி அனுப்பினார்.

அங்கே நடந்ததை அக்கா குரல் பதிவுகளாக எனக்கு அனுப்பிக்கொண்டிருந்தார். லீனா என்றொரு சிறுமிக்குக் கடைவாய்ப் பால்பல்லில் சீழ் கோத்து முகம் வீங்கியிருந்தது. காய்ச்சல் ஏறிக்கொண்டே போனது. மழையில் ஆறு பெருகிவிட்டதால் டவுனுக்குப் படகு இல்லை. கொண்டுபோன மரப்பு ஊசி மருந்து அதற்கு முன்பே தீர்ந்துபோயிருந்தது. பல்லை எடுக்காமல் விட்டால் சீழ் கழுத்துக்கு இறங்கும். ஈறில் தடவும் களிம்பை மட்டும் தடவி, ஸ்டெல்லாவைத் தலையைப் பிடித்துக்கொள்ளச் சொல்லி, அக்கா பல்லைப் பிடுங்கினார். லீனா அக்காவின் சுட்டுவிரலைக் கடித்தாள். தோல் கிழிந்து ரத்தம் வந்தது. வாழ்நாளில் ஒரு பிள்ளையையும் அதட்டாத அக்கா, "சனியனே, வுடு" என்று தமிழில் கத்தினார். அந்தப் பிள்ளைக்கு அது புரியவில்லை. ஆனால் முகம் புரிந்தது.

மாலையில் சோற்றுக்கு முன் பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்து ஆளுக்கொரு வேண்டுதல் சொல்வார்கள். ஒருவன் பந்து கேட்டான். ஒருத்தி அம்மாவைக் கேட்டாள். லீனா வாயில் பஞ்சோடு மலாயில் சொன்னது இது: "ஆண்டவரே, பல் மிஸ்ஸிக்கு உதவி செய். அவர் கை வலிக்கிறது."

அந்தக் குரல் பதிவில் அக்கா ஸ்டெல்லாவிடம் கேட்பதும் கேட்கிறது.

"யாரு சொல்லிக் குடுத்தா இதுக்கு?"

"வேதத்துல இருக்குடி. நம்மள வலிக்க வெச்சவங்களுக்காக மொதல்ல கேக்கணும்."

"நீங்கள்லாம் அப்படித்தான் கேக்குறீங்களா?"

"நாங்க படிப்போம். செய்யுறதில்லலா."

அக்கா அதற்குச் சிரிக்கிறார். பதிவு மழைச் சத்தத்தோடு முடிகிறது.

கிறிஸ்தவ விசுவாசத்தைப் பற்றி அக்கா கற்றுக்கொண்டது இந்த ஓர் இடத்தில்தான். பிரசங்கமோ புத்தகமோ அவரை இழுக்கவில்லை. தாம் வலிக்கவைத்த பிள்ளை, தாம் திட்டிய பிள்ளை, தமக்காகக் கேட்டது. அதன் கணக்கு அவருக்குப் புரியவில்லை. புரிந்துகொள்ள வேண்டும் என்று நினைத்தார். அவ்வளவுதான்.

ஊர் திரும்பியதும் ஸ்டெல்லாவின் தேவாலயத்தில் புதிதாக வருபவர்களுக்கு நடக்கும் வகுப்புக்கு அக்கா போகத் தொடங்கினார். திருநீற்றையும் விடவில்லை. "ரெண்டையும் வெச்சுக்க முடியாதுன்னு அங்கயும் சொல்றாங்க, இங்கயும் சொல்றாங்க. இந்த ஒரு விஷயத்துலயாச்சும் ரெண்டு பேரும் ஒத்துமையா இருக்காங்க" என்றார் என்னிடம்.

தைப்பூசத்துக்கு முதல் நாள், பந்தலில் காய்கறி நறுக்கிக்கொண்டிருந்தபோது, வகுப்பு விஷயம் பெரியப்பா காதுக்குப் போனது. எல்லார் முன்னாலும் அக்காவைத் திட்டினார். "சோத்துக்கு மாறுனவன் உண்டு. ஒனக்கு என்னாடி கொற?" என்றார். அக்கா வெங்காயத்தை நறுக்கிக்கொண்டே இருந்தார். மறுநாள் காலை அண்டாவில் மோர் நிறைந்து கறிவேப்பிலை மிதந்தது. முதல் காவடி சாலை முனையில் தெரிந்தது. நான் தம்ளர்த் தட்டோடு பக்கத்தில் நின்றேன். அக்கா கரண்டியை எடுத்தார். ஊற்றுவதற்கு முன் கண்ணை மூடினார். உதடு அசைந்தது.

பெரியம்மா பார்த்துவிட்டார். "என்னாத்த முணுமுணுக்குற?"

"பெரியப்பாவுக்காகக் கேட்டேன் பெரியம்மா."

பெரியப்பா திரும்பினார். "எனக்காக யாருகிட்டக் கேட்ட?"

அக்கா கரண்டியைத் தாழ்த்தினார்.

"முருகன் போற வழியில நின்னுக்கிட்டு எனக்காக யாருகிட்டக் கேட்டன்னு கேக்குறேன்."

எங்கள் வீட்டில் யாராக இருந்தாலும் முருகனிடம் என்று சொல்லியிருப்போம். அதோடு முடிந்திருக்கும். அக்கா உண்மையைச் சொன்னார். "யாருகிட்டன்னு எனக்கே இன்னும் முழுசாத் தெரியல பெரியப்பா. இப்பத்தான் படிக்கிறேன்."

"கவுத்துடுங்கடா" என்றார் பெரியப்பா.

பெரியப்பாவின் மகன்கள் இருவரும் அண்டாவைக் காதுகளில் பிடித்துத் தூக்கிச் சாக்கடையில் சரித்தார்கள். மோர் வெள்ளையாகச் சாலையோரம் ஓடியது. காவடி எடுத்தவரின் உடன் வந்த ஒரு குழந்தை என் தட்டிலிருந்து தம்ளரை எடுத்து நீட்டிக்கொண்டே நின்றது. அக்கா கரண்டியைக் குழாயில் கழுவினார். துடைத்தார். அதன் கொக்கியில் மாட்டினார். பிறகு எங்கள் வீட்டை நோக்கி நடந்தார்.

மதம் மாறுவதைப் பெரியப்பா ஒருவேளை பொறுத்திருப்பார் என்றே இன்றும் நினைக்கிறேன். எங்கள் உறவில் மாறியவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் வீட்டுக் கல்யாணத்துக்குப் பெரியப்பா போகிறார். அவரால் பொறுக்க முடியாதது வேறு. தாம் வளர்த்த பெண் தம்மைத் தீங்கு செய்தவராக எண்ணி, தமக்காக வேறொரு இடத்தில் மனுப் போட்டதுதான். அன்று மாலை அப்பாவைக் கூப்பிட்டு, "அவ இருக்குற வீட்டு வாசல மிதிக்க மாட்டேன்" என்றார். அப்பா அவருடைய தம்பி. அவருடைய லோரியை ஓட்டுபவர். "சரிண்ணே" என்றார். வீட்டுக்கு வந்தவர் அக்காவோடு பேசுவதை நிறுத்தினார்.

நோயைக் கண்டுபிடித்தவர் அக்காவேதான். நாக்கின் ஓரத்தில் ஒரு புண் ஆற வேண்டிய காலத்தில் ஆறவில்லை. கிளினிக்கில் பிள்ளைகளின் வாயைப் பார்க்கும் அதே சிறு கண்ணாடியைத் தம் வாயில் வைத்துப் பார்த்தார். புகை, மது, வெற்றிலை எதுவும் இல்லாதவர். "இது எங்க பாடத்துல இருக்குற படம் மாதிரியே இருக்கு" என்று என்னிடம் சொன்னார். பரிசோதனை முடிவு வந்தபோது அவர் வியப்படையவில்லை.

அறுவை சிகிச்சையில் நாக்கின் ஒரு பகுதியை எடுத்தார்கள். அதன்பின் அக்காவின் பேச்சு குழைந்தது. ர, ல எல்லாம் ஒன்றாகிவிட்டன. உறிஞ்சுகுழல் வைத்துப் பால் குடித்தார். ஒருநாள் பெரியம்மா அம்மாவைக் கைப்பேசியில் அழைத்தார். அம்மா சமைத்துக்கொண்டே பேச ஒலிபெருக்கியைப் போட்டிருந்தார். அக்கா மேசையில் உட்கார்ந்திருந்தது பெரியம்மாவுக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் சொல்லியிருப்பார்.

"எந்த நாக்கால முணுமுணுத்தாளோ, அந்த நாக்குலயே குடுத்தான் பாத்தியா."

அம்மா போனை அணைப்பதற்குள் சொல் முழுதாக வந்துவிட்டது. அக்கா குழலை வாயிலிருந்து எடுத்தார். கண்ணை மூடினார்.

"இவங்களுக்குமா?" என்று கேட்டேன்.

அக்கா தலையசைத்தார். சுட்டுவிரலைக் காட்டினார். லீனாவின் பல் பதிந்த தழும்பு அதில் வெளிறிப்போய் இருந்தது.

கதிர்வீச்சு சிகிச்சைக்கு அப்பாதான் காரில் அழைத்துப் போவார். ஒரு நாளும் தவறவில்லை. ஒரு நாளும் உள்ளே வரவில்லை. கார் நிறுத்துமிடத்தில் என்ஜினை அணைக்காமல் உட்கார்ந்திருப்பார். கடைசிச் சிகிச்சையன்று நானும் பின்னால் இருந்தேன். வீட்டின் கீழே வந்து நின்றதும், அக்கா கியர் மேலிருந்த அப்பாவின் கையைப் பிடித்துக் கண்ணை மூடினார். அப்பா கையை இழுத்துக்கொண்டார். பல மாதங்களுக்குப் பிறகு அக்காவிடம் அவர் பேசியது அப்போதுதான்.

"எனக்காக ஒண்ணும் வேண்டாத. நீ வேண்டுனா அண்ணன் வரமாட்டாரு."

நோய் கழுத்துக்கும் பிறகு நுரையீரலுக்கும் போனது. அக்கா கேட்டது ஒன்றே ஒன்றுதான். பெரியப்பா ஒரு முறை வீட்டுக்கு வர வேண்டும். நான் போய்க் கூப்பிட்டேன். பெரியப்பா கேட்டைத் திறக்காமல் கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று பேசினார்.

"வரச் சொன்னாளா?"

"ஆமா பெரியப்பா. பாக்கணுமாம். ரொம்ப முடியல."

"என்னை எதுக்குக் கேக்குறா? அவ சாமியக் கேக்கச் சொல்லு. அதுதான் அவளுக்கு நல்லா கேக்கத் தெரியுமே."

நான் வீட்டுக்கு வந்து, பெரியப்பா வெளியூர் போயிருப்பதாகச் சொன்னேன். அக்கா என்னைப் பார்த்தார். நம்பவில்லை.

அதே வாரம் ஸ்டெல்லாவோடு போதகர் வந்தார். விரும்பினால் படுக்கையிலேயே ஞானஸ்நானம் கொடுக்கலாம் என்று மெதுவாகக் கேட்டார். அக்கா வேண்டாம் என்று தலையசைத்தார். அவர்கள் போன பிறகு, ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி, எனக்குப் புரியும்வரை திரும்பத் திரும்பச் சொன்னார்:

"வேண்டிக்கிறது வருது. கோவம் போகல. கோவம் போனப்புறம் வாங்கிக்கிறேன்."

கோபம் போகவில்லை. அக்கா எல்லாரையும் மன்னித்து, முகத்தில் சாந்தத்தோடு கண்மூடினார் என்று நினைவு மலர்களில் எழுதுவார்கள். நான் எழுதினால் அது பொய். அக்கா கோபத்தோடு போனார். கோபம் இருந்த நாள் எல்லாம், அந்தச் சிறுமி செய்ததைத் தாமும் செய்துகொண்டே இருந்தார். ஒன்று மற்றொன்றை வெல்லும் என்று காத்திருந்தார். அதற்கு நாள் போதவில்லை.

அக்கா காலமான செய்தி போனதும் பெரியப்பா வந்தார். வெள்ளை வேட்டி, தோளில் துண்டு. வாசலைக் கடந்தபோது அவர் தயங்கவில்லை. அக்கா இல்லாத வீடு என்பதால், அவர் சொன்ன சொல் இப்போது அவருக்குத் தடையில்லை. சடங்கு செய்யும் பண்டாரத்தை அழைத்தது, பூ, பாடை, வண்டி, எல்லாவற்றையும் அவரே பார்த்தார். "எம் புள்ள, எம் புள்ள" என்று அவர் அழுத அழுகை கீழ்த்தளம்வரை கேட்டது. அது நடிப்பல்ல. அக்காவின் நெற்றியில் தம் கையாலேயே திருநீற்றைப் பட்டையாகப் பூசினார். ஸ்டெல்லாவும் தேவாலயக் குழுவும் வந்தபோது படிக்கட்டிலேயே நிறுத்தி, "பாட்டு கீட்டு ஒண்ணும் வேணாம். அவ ஒங்க ஆளு இல்ல. முங்கி எழுந்து ஞானஸ்நானம் வாங்கியிருக்காளா?" என்று கேட்டார். ஸ்டெல்லா, "இல்ல அங்கிள்" என்றார். அதுவும் உண்மை. அவர்கள் கீழே மோட்டார்சைக்கிள்கள் நிறுத்தும் இடத்தில் நின்றார்கள். பாடவில்லை. அக்காவை மின்சுடலையில் எரித்தோம். பதினாறாம் நாள் விருந்தில் பெரியப்பா பந்தி பந்தியாகப் போய்த் தம் கையால் மோர் ஊற்றினார்.

இனி நன்றி. வரிசை அக்கா சொன்னது. பேச்சு அநேகமாக நின்றுபோன நாட்களில் ஒருநாள், தமக்காக மலர் போட்டால் நன்றிப் பகுதியில் முதல் பெயர்கள் யாருடையவையாக இருக்க வேண்டும் என்று சொன்னார். கோபம் போகவில்லையே என்றேன். "கோவத்தோடயே சொல்லலாம்" என்றார்.

எனவே முதல் நன்றி பெரியப்பாவுக்கு. எங்களைத் தோட்டத்திலிருந்து கொண்டுவந்து தங்க இடம் கொடுத்ததற்கு. அக்காவைப் பள்ளியில் கொண்டுபோய் விட்டதற்கு. ஒரு பால்டின் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டுக் கரண்டியைக் கையில் கொடுத்ததற்கு. கடைசி நாளில் வந்ததற்கு.

இரண்டாவது நன்றி பெரியம்மாவுக்கு. அக்கா காரணம் சொல்லவில்லை.

மூன்றாவது நன்றி அப்பாவுக்கு. ஒரு நாளும் தவறாமல் ஓட்டிப் போனதற்கு.

பிறகு, மருத்துவமனையில் அக்காவின் குழைந்த பேச்சைப் பொறுமையாகக் கேட்ட தாதியருக்கும், பாடாமல் நின்ற ஸ்டெல்லாவுக்கும் குழுவினருக்கும், வீட்டுக்கு வந்து உண்டு எங்களோடு இருந்த உறவினர் நண்பர் அனைவருக்கும்.

லீனாவுக்கும். இந்த ஆண்டுப் பயணத்தில் அவள் பல் மிஸ்ஸி ஏன் வரவில்லை என்று ஸ்டெல்லாவிடம் கேட்டிருக்கிறாள். விரல் ஆறிவிட்டதா என்றும் கேட்டிருக்கிறாள். ஆறிவிட்டது என்று ஸ்டெல்லா சொல்லியிருக்கிறார். மற்றதைச் சொல்லவில்லை.

இப்போதைய நிலை இது. அப்பா இன்னும் பெரியப்பாவின் லோரியைத்தான் ஓட்டுகிறார். இந்தத் தைப்பூசத்துக்கும் பந்தல் போட்டார்கள். மோர்க் கரண்டியைப் பெரியப்பா என்னிடம் நீட்டினார், நான் வாங்கவில்லை. நான் கோவிலுக்கும் போவதில்லை, தேவாலயத்துக்கும் போவதில்லை. பெரியப்பாவுக்கு இரண்டு கால் மூட்டும் போய்விட்டது, சர்க்கரையும் கூடியிருக்கிறது. அவருக்காக வேண்டிக்கொள்ள எங்கள் குடும்பத்தில் இப்போது யாரும் இல்லை.